ஜெலுத்தோங் வீட்டில் மறுபடியும் தண்ணீர் ஏறுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 2017 நவம்பரில் பினாங்கு ஜெலுத்தோங்கில் உங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மலையை வெட்டி எங்கு பார்த்தாலும் சிமெண்டைக் கொட்டியதன் பலன் இது என்கிறார் உங்கள் அப்பா. பருவநிலை மாற்றம் என்கிறான் தம்பி. பூமி சூடாவதும் குளிர்வதும் எந்தக் காலத்திலும் உள்ளதுதான், இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்கிறார் மாமா. மூவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் வீட்டுக்கடன் இன்னும் 22 வருடம் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் மனத்தை அரிக்கும் கேள்வி அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் மறுபடியும் ஏறுமா, இந்த வீட்டை வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் அது. மூவரின் பேச்சையும் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மழையையும் ஆற்று நீரையும் அளக்கும் வேலையில் 30 வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். மழைமானி படிப்பது, ஆற்றில் நீர்மட்டக் கம்பம் நடுவது, வெள்ளம் வடிந்த மறுநாள் வீடு வீடாகப் போய்ச் சுவரில் சேற்றுக்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று டேப் பிடித்து அளப்பது, இதெல்லாம் என் கை செய்த வேலை. வானிலை விஞ்ஞானி கிடையாது. உலக வெப்பத்தைப் பற்றி நான் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது, ஆறு சாக்கடை பற்றிச் சொல்வது சேற்றில் நின்று தெரிந்துகொண்டது. இரண்டுக்கும் ஒரே எடை போட்டுவிடாதீர்கள்.

மாமாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொன்னதன் முதல் பாதி சரி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே கிடந்தது. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு ஃபெர்ரியும் வேண்டாம் பாலமும் வேண்டாம், காட்டு வழியில் நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நம் தீபகற்பத்தின் கரையோரங்களில் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் மேலேயே நின்றிருக்கிறது. கெப்பாலா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பாவில் இருக்கும் கிளிஞ்சல் மேடுகள் அந்தக் காலத்து மனிதர்கள் தின்று போட்டவை. 2017-ல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்ததே, அதே இடம்தான். ஆக, பூமி மாறும், கடல் ஏறும் இறங்கும் என்று மாமா சொல்வதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

அந்த மாற்றத்துக்கெல்லாம் காரணம் இருந்தது என்பதைத்தான் அவர் விட்டுவிட்டார். சூரியனைச் சுற்றும் பாதையும் பூமியின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல மாறுவதுதான் பனியுகங்களுக்குத் தாளம் போட்டது. பனியுகத்திலிருந்து வெளியே வர பூமிக்கு 5 முதல் 7 டிகிரி வெப்பம் ஏறியது, அதற்கு ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டு பிடித்தது. இப்போது 150 ஆண்டுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. அந்தச் சுற்றுப்பாதைக் கணக்கு இன்றைக்குச் சொல்வதோ, மாற்றம் இருந்தால் பூமி மிக மெதுவாகக் குளிர வேண்டும் என்பதுதான்.

சரி, அப்படியானால் இது மனிதன் வேலை என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்த இடத்தில் என் அப்பா ஞாபகத்துக்கு வருகிறார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். பால் நிறுக்கும் நேரத்தில் வாளிக்குள் மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார். எடையைக் கூட்ட யாராவது பாலில் தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். வாளி நிறைந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எதனால் நிறைந்தது என்பது வேறு கேள்வி அல்லவா? காற்றுக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற ஒருவகைக் கரிமம் கொஞ்சம் இருக்கும். அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது சுத்தமாக மிச்சமில்லை. காற்றில் கரியமில வாயு கூடக்கூட அதில் கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப்போவதை 1950-களிலேயே ஹான்ஸ் சூயஸ் என்ற விஞ்ஞானி காட்டிவிட்டார். கலந்த தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. எரிமலையைக் காரணம் சொல்வோரும் உண்டு. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடும் கரியமில வாயு, நாம் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும்.

அளவைச் சொல்கிறேன். ஆலைகள் வரும் முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு. ஹவாயில் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகாவின் பனியைத் துளைத்து எடுத்த பழைய காற்றுக் குமிழிகளில் 8 லட்சம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது, அதில் எங்குமே 300-ஐ ஒட்டிய அளவைத் தாண்டிப் போனதில்லை. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது நேற்று கண்டுபிடித்த அரசியல் கிடையாது. 1856-ல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துக் காட்டினார். 1896-ல் ஸ்வீடன்காரர் அர்ரீனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு, இந்த வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி ஏறும் என்று எழுதினார். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பது பெரிய பங்கு. காடழிப்பும், நம் பக்கத்தில் சதுப்புக் கரிமண்ணை வடித்து எரிப்பதும் அடுத்து வரும். 1997-லும் 2015-லும் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறியவர்களுக்கு அதன் வாசனை மறந்திருக்காது. மாடு, நெல்வயல், எரிவாயுக் கசிவு ஆகியவற்றிலிருந்து வரும் மீத்தேன் இன்னொரு கூட்டாளி.

சூரியன்தான் கொதிக்கிறது என்று மாமா கட்சி மாறினால் இதைக் கேளுங்கள். சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். கீழே வெப்பம் ஏற ஏற, மேலடுக்கு குளிர்ந்துகொண்டு போவதைத்தான் 1979-லிருந்து செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன. போர்வை கனத்தால் உள்ளே புழுங்கும், வெளிப்புறம் சில்லென்றிருக்கும், அந்தக் கதைதான். ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி 2021-ல் வெளியிட்ட அறிக்கை மனிதரால் பூமி சூடாகியிருப்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியது. வழக்கமாக ஒவ்வொரு வரிக்கும் சாத்தியம், பெரும் சாத்தியம் என்று தராசு பிடிக்கும் கூட்டம் அது. இந்த மட்டில் எனக்கும் சந்தேகம் கிடையாது.

இனி உலகத்திலிருந்து ஊருக்கு இறங்கினால் உறுதி குறையத் தொடங்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள், முன்பு இவ்வளவு சூடு இல்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சூட்டில் தாருக்கு எவ்வளவு, வானத்துக்கு எவ்வளவு? நகரம் தன் சூட்டைத் தானே உண்டாக்கும். கோலாலம்பூரில் அதைப் பேராசிரியர் ஷாம் சானி 1970-களிலேயே அளந்து எழுதியிருக்கிறார். பாயான் லெப்பாஸ் விமான நிலைய வெப்பமானியைச் சுற்றி வயலும் கிராமமும் போய்த் தொழிற்சாலைகள் வந்து 50 வருடமாகிறது. ஆகவே ஒரு நிலையத்துக் கணக்கை மட்டும் காட்டி உலகம் சூடாகிவிட்டது என்று வாதாடினால் அது அரைகுறை வாதம். நடுக்கடலில் சிமெண்டு இல்லை, ஆயிரக்கணக்கான மிதவைகள் அங்கேயும் வெப்பம் ஏறுவதைக் காட்டுகின்றன, கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. இதுதான் பலமான சாட்சி. மாமாவிடம் ஒரு துருப்பு இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மலேசியாவின் வெப்ப உச்சமாக எல்லோரும் சொல்லும் 40.1 டிகிரி, பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் பதிவானது. அது பெரிய எல் நினோ வருடம், அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி நம் பக்கம் வெயில் கடுமையாகும் வருடம். உச்ச நாள் ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது.

மனித ஞாபகத்தையும் நம்பாதீர்கள். தோட்டத்தில் மழை என்றால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் கூலி அடிபடும், அதனால் மழையை எல்லோரும் கவனிப்பார்கள். அப்படியிருந்தும், இந்த மாதிரி மழையைக் கண்டதே இல்லை என்று லயத்தில் சத்தியம் செய்த ஒரு வருடம், என் அப்பா தன் மழைப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். நாலு வருடம் முன்பு அதே மாதத்தில் அதைவிடக் கூடுதலாகப் பெய்திருந்தது. நான் மழை அளக்கும் வேலைக்கு வந்ததே அந்தப் புத்தகத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் அப்பாவும் தம்பியும். 2017 நவம்பர் 4 மாலை தொடங்கி மறுநாள் வரை பெய்தது, ஒரு மாத மழையை ஓர் இரவில் கொட்டியதுபோல. பினாங்கில் 7 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மலைச்சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் புதைந்துபோனார்கள். அதனால் அந்த நேரத்தில் ஊரே மலை வெட்டுவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அப்பாவின் கோபம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குப் புரிகிறது.

தம்பியின் கட்சிக்குக் கணக்கு இப்படி. ஒரு டிகிரி சூடேறிய காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். இது பௌதிக விதி, இதில் தகராறு இல்லை. உலகம் ஒரு டிகிரிக்குச் சற்று மேலே சூடாகியிருக்கிறது என்றால், 300 மில்லிமீட்டர் பெய்யும் ஓர் இரவில் 20 சொச்சம் மில்லிமீட்டர் அந்தக் கணக்கில் வரலாம். வரலாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட மேகக்கூட்டம் அந்த விதியைவிட அதிகமாகவும் கொட்டும், குறைவாகவும் கொட்டும், காற்று எந்தப் பக்கம் குவிந்தது என்பதைப் பொறுத்தது அது. அந்த ஓர் இரவுக்குப் பருவநிலை மாற்றமே காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பமாட்டேன். அதற்குப் பங்கே இல்லை என்றாலும் நம்பமாட்டேன்.

அப்பாவின் கட்சிக்குக் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. புல்லும் மரமும் உள்ள மண்ணில் ஒரு சாதாரண மழை விழுந்தால் பத்தில் மூன்று பங்கு ஓடும், மிச்சத்தை மண் குடிக்கும். அதே இடத்தில் தார், கூரை, கார் நிறுத்துமிடம் வந்துவிட்டால் பத்தில் ஒன்பது ஓடும், அதுவும் வேகமாக ஓடும். அதாவது மேலே பாயா தெருபோங் மலைப்பக்கம் மாலையில் ஒரு மணி நேரம் பெய்து உங்கள் சாலையில் கணுக்கால் தண்ணீர் நின்றால், வானத்தைக் குறை சொல்ல வேண்டாம், அது மேலே கட்டியவர்களின் தண்ணீர். ஆனால் மழை 100, 200 மில்லிமீட்டர் என்று போகும்போது மண் நிறைந்துவிடும். தண்ணீரில் ஊறிய பஞ்சு அதற்கு மேல் குடிக்காது. அன்றைய மாதிரி ஓர் இரவில் நடுக்காட்டு மலையும் ஏறக்குறைய சிமெண்டைப் போலத்தான் நடந்துகொள்ளும். வெள்ளம் சிறியதாக இருந்தால் குற்றத்தில் பெரும்பங்கு ஊருக்கு, வெள்ளம் பெரிதாகப் பெரிதாக அந்தப் பங்கு சுருங்கும். ஊரில் பேசுவதோ தலைகீழாக. சின்ன வெள்ளத்தை விதி என்று விட்டுவிட்டு, பெரிய வெள்ளத்துக்கு மட்டும் மலையைத் திட்டுகிறோம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அன்று உங்கள் வீட்டில் ஏறிய இடுப்பளவில் இருவருக்கும் பங்குண்டு, எத்தனை அங்குலம் யாருடையது என்று பிரிக்க என்னிடம் தராசு இல்லை.

மூவரும் சொல்லாத நான்காவது ஆள் ஒருவர் இருக்கிறார், கடல். ஜெலுத்தோங்கும் சுங்கை பினாங்கு ஆற்றின் கீழ்ப்பகுதியும் மட்டமான நிலம். சாக்கடைத் தண்ணீர் கடலுக்குப் போக வேண்டுமென்றால் கடல் அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பெரிய ஏற்றம் வரும் நாட்களில் நம் பக்கம் கடல் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஏற்றத்தின்போது சாக்கடை கடலில் சேரும் இடத்துத் தண்ணீர்க் கதவை மூடியாக வேண்டும், திறந்து வைத்தால் கடல் உள்ளே வரும். மூடியிருக்கும் நேரமெல்லாம் மழைத்தண்ணீர் ஊருக்குள்ளேயே தேங்கும், பம்ப் இருந்தால் அது இறைக்கிற அளவுதான் குறையும். உலகக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையே 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பிறகு வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர். ஒரு விரல் தடிமன்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்தக் கதவு மூடியிருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டும். இந்த நூற்றாண்டு முடிவுக்குள் இன்னும் 30 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை என்கிறார்கள், எவ்வளவு எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து. மழை கூடுமா குறையுமா என்பதைவிட இது எனக்கு உறுதியாகத் தெரிகிற விஷயம், கவலையும் இதில்தான் அதிகம்.

மழையில் இன்னும் தீராத சந்தேகங்கள் உண்டு. பருவக்காற்று பலப்படுமா, எல் நினோ அடிக்கடி வருமா என்பதில் கணினி மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. மேகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் பெரிய முடிச்சு. கரியமில வாயு இரட்டித்தால் 3 டிகிரி என்று சொல்லிவிட்டு 2.5-லிருந்து 4 வரை இடம் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். டுரியான் பூ உதிர்வதையும், குடிநீருக்கு நாம் பெரிதும் நம்பியிருக்கும் சுங்கை மூடா ஆறு வற்றுவதையும் உடனே இந்தக் கணக்கில் எழுதிவிட வேண்டாம், கெடாவில் மேலே காடு வெட்டுவதற்கும் அதில் பங்கு உண்டு. சிலர் 2004 சுனாமியையும் இதில் சேர்க்கிறார்கள். அது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் வந்த நிலநடுக்கம், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டுக்கு வருகிறேன். 100 வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று பத்திரிகையில் போட்டால், அடுத்தது 2117-ல்தான் என்று நிம்மதியாகிவிடுகிறோம். நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது, எந்த வருடத்திலும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்ற பொருளில். உங்களுடைய 22 வருடக் கடனுக்கு இதைப் பெருக்கினால், கடன் முடிவதற்குள் அப்படியொன்று குறைந்தது ஒருமுறை வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதுவும் நேற்றைய மழைபோலவே நாளைய மழையும் இருக்கும் என்ற அனுமானத்தில். ஐம்பது அறுபது வருடப் பதிவை வைத்துக்கொண்டு நூறு வருட மழையைக் கணிப்பவர்கள் நாங்கள், இப்போது அந்த அனுமானமும் ஆட்டம் கண்டுவிட்டது. ஆகவே ஐந்தில் ஒன்று என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் இப்போதைக்கு விற்கமாட்டேன், ஆனால் அந்த வீட்டில் முன்புபோல இருக்கவும் மாட்டேன். சுவிட்ச், பிளக் எல்லாவற்றையும் 2017 கறைக்கு மேலே ஏற்றுவேன். ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மேடை கட்டி வைப்பேன். நிலப்பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் மேல்மாடியில். வீட்டுக் காப்புறுதியை எடுத்துப் பாருங்கள், வெறும் தீ காப்புறுதி மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குக் காசு வராது. காருக்கும் அப்படித்தான், வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் பலருக்கு அது தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரியவந்தது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கடல் ஏற்ற அட்டவணையைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பெரிய ஏற்றமும் கனமழை எச்சரிக்கையும் ஒரே இரவில் விழுந்தால் காரை மேட்டில் நிறுத்திவிட்டு வந்து படுங்கள். ஆற்று மட்டமும் மழை அளவும் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் இணையத்தளத்தில் அவ்வப்போது வரும்.

விற்பதா வேண்டாமா என்பதற்கு இதைவிடத் துல்லியமாகச் சொல்ல எனக்கு இரண்டு அளவு வேண்டும். வாசற்படிக்கும் உங்கள் சாலை நடுவுக்கும் உயர வித்தியாசம் எத்தனை அங்குலம்? 2017-க்குப் பிறகு அந்தச் சாலைக்கு எத்தனை முறை தார் போட்டு உயர்த்தினார்கள்? இந்த இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. அளந்து இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.